சிஞோரே செய்து தந்த விமானம்

எனக்கு வாய் நீளம். அம்மா சொன்னா, பங்குச் சுவாமி சொன்னார், கட்டின மனுசி இன்றைக்கும் சொல்கிறாள். நான்தான் இத்தனை வயதுக்குப் பிறகும் அதை ஒரு கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டு திரிகிறேன். இத்தாலியில், பலெர்மோவில் இருந்த காலத்தில் இரண்டு தடவை அந்த வாயைத் திறந்து என் சிநேகிதன் ஒருவனுக்குக் கேடு செய்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன். எழுதினால் மனம் ஆறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று நாளாக எழுதுகிறேன், ஆறவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பலெர்மோவின் பழைய பகுதியான கால்சாவில் ஒரு மாளிகையின் இரண்டாம் மாடியில் எனக்கு வேலை. காலையில் கோப்பி, பிறகு கூட்டித் துடைத்தல், உடுப்பு அயன் பண்ணுதல், மத்தியானச் சமையல். வீட்டுக்காரர் ஐம்பதைத் தாண்டிய தனிக்கட்டை. காணிப் பதிவுக் கந்தோரில் உத்தியோகம். நாங்கள் அவரைச் சிஞோரே, ஐயா, என்போம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அந்த வீட்டில் மனிதர் புழங்கும் இடத்தைவிட விமானங்கள் புழங்கும் இடம் அதிகம். பால்சா மரக்குச்சியில் எலும்பு கட்டி, மெல்லிய தாள் ஒட்டி, வர்ணம் பூசி, அவரே செய்தவை. கூரையிலிருந்து தங்கூசி நூலில் தொங்கும். சிலவற்றுக்குக் குட்டி எஞ்சினும் உண்டு, ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் நின்றே பறக்கவிடலாம். எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெயில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். முதல் நாள் அந்த மணம் மூக்கில் ஏறியதும், சின்ன வயதில் பேதிக்கு மூக்கைப் பிடித்துப் பருக்கிய ஞாபகத்தில் ஓடிப்போய் யன்னலைத் திறந்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் விமானங்களைத் தூசி தட்ட என்னை விட்டார். அதுவும் சவரம் செய்யும் பிரஷால் மட்டும்.

சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே நான்கு எஞ்சின் பூட்டிய பெரியதொரு குண்டுவீச்சு விமானம் தொங்கியது. யன்னலைத் திறந்தால் பக்கத்துக் காணியில் கூரையில்லாத ஒரு சுவர் தெரியும். சுவரின் நடுவில் அத்தி மரம் முளைத்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் அந்த வீட்டை இடித்தது அந்த வகை விமானம்தான் என்று சிஞோரே சொன்னார். அவருடைய பெரியம்மா அதற்குள் இருந்தாராம். இவர் அப்போது தொட்டில் பிள்ளை.

"அதையா செய்து தொங்கவிட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

"அழகான விமானம், பார்" என்றார், கரண்டியால் அதைக் காட்டி.

மனுசன் நல்லவர், ஆனால் கொஞ்சம் கழண்ட கேஸ் என்று அன்றைக்கு முடிவுகட்டினேன். அவருக்கு அது ஐம்பது வருசத்துப் பழைய கதை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கீழே முற்றத்தில், வண்டி நிறுத்தும் வளைவுக்குள், அவருடைய தகப்பனார் ஓடிய பழைய கார் ஒன்று படுத்திருந்தது. 'ஆயிரத்து நூறு' என்று எல்லாரும் சொல்லும் மாதிரி, சாம்பல் நிறம், பின்னால் திறக்கும் முன்கதவு. எனக்குப் பழைய கார் என்றால் விசர். மன்னாரில் சிறுவனாக இருந்தபோது கலியாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை பொம்பிளையைப் பார்க்காமல் அவர்கள் வந்திறங்கிய காரைச் சுற்றிக்கொண்டு நிற்பேன். இந்தக் காரோ ஒன்பது வருசமாக உறுமியதில்லை. இரண்டு மெக்கானிக்குகள் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள் என்று சிஞோரே சொன்னபோது என் வாய் சும்மா இருக்குமா? "எனக்கு ஒரு ஆளைத் தெரியும்" என்றேன்.

அந்த ஆள்தான் என் சிநேகிதன். எனக்கு ஒத்த வயது. தீவுப் பகுதியில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ 40 கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டியவன். பலெர்மோவுக்கு வந்து இரண்டு வருசம், வதிவிடக் காகிதம் இல்லை. நகர ஓரத்துப் பிரான்காச்சோவில் ஒரு மாடி வீட்டில் மூன்று பேரோடு ஒரே அறை. பனிக்காலம் முழுதும் சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பிடுங்குவான். அவனுடைய மனுசியும் ஐந்து வயது மகளும் ஊரில், சண்டைக்குள், ஒரு அகதி முகாமில் இருந்தார்கள். மூத்தவன் ஒரு பெடியன் இருந்ததும் அவன் பொம்மர் அடியில் செத்துப்போனதும் எனக்கு ஒரு வரியாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் குண்டு போட வந்த விமானத்துக்கெல்லாம் அதுதான் பெயர், பொம்மர். அந்த ஒரு வரிக்கு மேல் அவன் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. குண்டு விழத் தொடங்கும் முன்னரே நாட்டைவிட்டு வெளிக்கிட்டவன் நான். பொம்மரை நான் பத்திரிகையில்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். காரின் மூடியைத் திறந்து அரை மணித்தியாலம் பார்த்தான். பிறகு மண்டரின் பெட்டி மணக்கும் தன் பையிலிருந்து ஊசி மருந்து ஏற்றும் சிறிஞ்ச் ஒன்றை எடுத்தான். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் வராத காலத்தில் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்ராட் எடுக்க மட்டும் நாலு துளி பெற்றோலைச் சிறிஞ்சால் கார்பரேற்றருக்குள் பீச்சுவார்கள். அதையே இங்கும் செய்தான். மூன்றாவது தடவை கார் இருமியது, நாலாவது தடவை முற்றம் முழுதும் புகை. சிஞோரே கையைத் தட்டிக்கொண்டு துள்ளினார். மேல் மாடிகளில் பெண்கள் யன்னலைத் திறந்து ஏசினார்கள்.

"மண்ணெண்ணெய் கிடக்கோ எண்டு கேள் மச்சான்" என்றான் சிநேகிதன். "அதிலையும் ஓடும்."

நான் மொழிபெயர்த்ததும் சிஞோரே நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். தகப்பனின் காருக்கு மண்ணெண்ணெயா!

அன்றிலிருந்து எங்கள் மூன்று பேருக்கும் ஞாயிறு என்றால் கார்தான். சும்மா சொல்லக்கூடாது, அந்த நாட்கள் நல்லாயிருந்தன. பழைய இடங்களாகத் தேடிப் போவோம்: மலையடிவாரத்தில் அந்தக் காலத்தில் பனிக்கட்டியை வைக்கோலுக்குள் புதைத்து வைக்க வெட்டிய கிணறு போன்ற குழி, கரையோரத்தில் கைவிடப்பட்ட சூரைமீன் வாடிக் கட்டடம், அதற்குள் ஆள் உயர நங்கூரங்கள். சியாகுல்லியில் சிநேகிதன் கண்டுபிடித்த இடிந்த தோட்ட மாளிகை ஒன்று. அதன் லாயத்தில் ஒரு மூன்று சில்லு வண்டி கிடந்தது, அதன் தரை ஓட்டைக்குள்ளால் எலுமிச்சை மரம் வளர்ந்து கண்ணாடிக்கு வெளியே காய்த்திருந்தது. சிஞோரேக்கும் அவனுக்கும் பொதுவாக இருபது சொல்கூட இல்லை. ஆனாலும் காருக்குக் கீழே இரண்டு பேரும் ஒன்றாகப் படுத்துக்கொண்டு கையை நீட்டி நீட்டிக் கதைப்பார்கள். எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். நான்தானே அறிமுகப்படுத்தியவன்.

கடைசியாகப் போவது போர்க்காலத்துப் பழைய விமான ஓடுபாதை ஒன்றுக்கு. புல் முளைத்துக் கிடக்கும். அங்கே சிஞோரே விமானம் விடுவார். நான் விமானம் விழுந்தால் ஓடிப் பொறுக்குவேன். சிநேகிதன் மட்டும் காரின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பான். வீட்டுக்கு வந்தாலும் முற்றத்தோடு சரி, மேலே விமான அறைக்கு ஏறமாட்டான். பசை மணம் தலையிடிக்குது என்பான். அட, இவனுக்குக் கார்ப் பைத்தியம் முற்றிவிட்டது என்று நான் பகிடி பண்ணினேன். எவ்வளவு பெரிய மடையன் நான்!

அந்த வருசம் காகிதம் இல்லாமல் வேலை செய்பவர்களுக்கு அரசாங்கம் ஒரு வழியைத் திறந்தது. வேலை கொடுப்பவர் ஒருவர் கையெழுத்து வைத்து, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் விண்ணப்பம் போட்டால், அவர்கள் விசாரித்துப் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி கொடுப்பார்கள். பெர்மெசோ கையில் வந்தால்தான் மனுசியையும் பிள்ளையையும் கூப்பிடலாம். மண்டரின் தோட்டக்காரன் கையெழுத்து என்றதும் காணாமல் போய்விட்டான். சிநேகிதனுக்கு இருந்த ஒரே ஆள் சிஞோரே. தோட்டக்காரனாகவோ சாரதியாகவோ போடுகிறேன் என்று அவரும் சொல்லியிருந்தார். ஆனால் நத்தார் முடியட்டும், புதுவருசம் முடியட்டும் என்று நாள் போய்க்கொண்டிருந்தது. கடைசித் திகதி நெருங்க நெருங்க, சிநேகிதன் ஒவ்வொரு ஞாயிறும் என் முகத்தைப் பார்ப்பான். நான் சிஞோரேயின் முகத்தைப் பார்ப்பேன்.

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது விளங்காது. புதிதாக வேலைக்குப் போகும் யாருக்கும் மாதா கோயில் வாசலில் வைத்தே பழைய ஆட்கள் சொல்லிக்கொடுப்பது இது: வேலை வீட்டில் நாட்டுக் கதை கதைக்காதே. ஊரில் எப்படி என்று கேட்டால் "துத்தோ பேனே", எல்லாம் நல்லம், என்று சொல். தாய் செத்தாலும் துத்தோ பேனே. செத்த வீட்டு முகத்தோடு வருகிறவனை எந்த வீட்டுக்காரச் சிஞோராவும் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்ட விடமாட்டாள். அதனால் நாங்கள் எல்லாரும் பலெர்மோவின் வீடுகளில் மலர்ந்த முகத்தோடு மேசை துடைத்தோம். எங்கள் நாட்டில் ஒரு போர் நடக்கிறது என்பதுகூடச் சிஞோரேக்கு ஒழுங்காகத் தெரியாது. கடலும் தென்னையும் பழைய இங்கிலீஷ் கார்களும் உள்ள நாடு என்று நினைத்திருந்தார். அப்படி நினைக்க வைத்ததும் நான்தான்.

மார்கழியில் ஒரு நாள் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது விமானச் சஞ்சிகை ஒன்றை விரித்துக்கொண்டு வந்தார். ஒற்றை எஞ்சின் பூட்டிய குட்டி விமானம், படத்திலேயே துறுதுறுவென்று இருந்தது. "இது எங்கள் நாட்டில் செய்வது. விமானிகளைப் பழக்குவதற்கு" என்றார் பெருமையோடு. "உங்கள் நாட்டிலும் இருக்கிறதாமே, இதில் எழுதியிருக்கிறது."

எனக்குக் கையெழுத்துத்தான் மனதில் நின்றது. மனுசனைக் குளிர்விக்க ஒரு சந்தர்ப்பம் வந்ததே என்று வாய் ஓடியது. "ஓம் சிஞோரே! எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். என் சிநேகிதன் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான்."

அது உண்மைதான். எந்தப் பொம்மர் வருகிறது என்று சத்தத்திலேயே பிடித்துவிடுவேன் என்று அவன் ஒருமுறை சொல்லியிருந்தான்.

"அப்படியா! அவனுக்கு இது பிடிக்குமா?"

"நல்லாய்ப் பிடிக்கும்" என்றேன். அந்த இரண்டு சொல்லையும் திரும்ப விழுங்க ஒரு வழியிருந்தால் என் மிச்ச ஆயுளில் பாதியைத் தந்துவிடுவேன்.

பிறகு ஆறு கிழமை அறைக் கதவு பூட்டியே இருந்தது. என்னைத் தூசி தட்டவும் விடவில்லை. மாசி மாதம் ஒரு ஞாயிறு, பழைய படுக்கை விரிப்பால் சுற்றிய நீளமான ஒரு பொதியை என் மடியில் வைத்துக்கொண்டு ஓடுபாதைக்குப் போனோம். சிஞோரே வழி முழுதும் சீட்டியடித்தார். போய்ச் சேர்ந்ததும், காரின் மூடியைத் திறக்கப்போன சிநேகிதனைக் கையில் பிடித்து இழுத்து வந்து நிறுத்தி, விரிப்பை அவிழ்த்தார்.

அந்தக் குட்டி விமானம். இறக்கை என் இரண்டு கை அகலம். பச்சையும் மண்ணிறமும் பூசி, இறக்கையிலும் உடம்பிலும் எங்கள் நாட்டுப் படையின் வட்டக் குறி, வாலில் எங்கள் நாட்டுக் கொடி, எல்லாம் சஞ்சிகைக்குக் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கிய படத்தைப் பார்த்து ஒரு மயிரிழை பிசகாமல் செய்திருந்தார். இறக்கைகளுக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக, மரத்தில் கடைந்த இரண்டு குண்டுகளும் மாட்டியிருந்தன.

"உனக்கு" என்றார். "உன் நாட்டு விமானம்."

சிநேகிதன் குனிந்து பார்த்தான். கையிலிருந்த எண்ணெயைக் காற்சட்டையில் துடைத்தான். ஒரு விரலால் குண்டு ஒன்றைத் தொட்டான், தொட்டு எடுத்தான். மாதாவே, இவன் இப்போது இதைத் தூக்கி நிலத்தில் அடிக்கப்போகிறான், அதோடு கையெழுத்தும் போய்விடும் என்று பயந்து அவன் பக்கம் ஓரடி வைத்தேன்.

"கிராட்சியே, சிஞோரே" என்றான். "பெல்லோ." நன்றி, வடிவாயிருக்கு. சிஞோரே அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பிறகு பறக்கவிடும் பெட்டியை அவன் கையில் கொடுத்து, பின்னால் நின்று விரல்களைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். எஞ்சின் கீச்சிட்டது. விமானம் எழும்பி எங்கள் தலைக்கு மேலால் வட்டமடித்தது. சிநேகிதன் ஒரு தடவைகூட அதை விழவிடவில்லை.

திரும்பும்போது பஸ் ஸ்ராண்ட் வரைக்கும் சிஞோரே கொண்டுவந்து விட்டார். அவனோடு நானும் பிரான்காச்சோ பஸ்ஸில் ஏறினேன். பொதி அவன் மடியில்.

"அவருக்கு நீ சொன்னனியே?" என்று கேட்டான்.

"ஓம். நான்... கையெழுத்துக்காகத்தான் மச்சான். யோசிக்கேல்லை."

அவன் யன்னலைப் பார்த்துக்கொண்டு கதைத்தான். "பெடியனுக்கு நான்தான் பழக்கினது. சத்தம் கேட்டால் இது இன்னது எண்டு சொல்லுவன், அவனும் சொல்லுவான். ரெண்டு பேருக்கும் போட்டி. ஏழு வயசிலை என்னைவிடக் கெட்டிக்காரன். அண்டைக்கு நான் மண்ணெண்ணெய் தேடிப் போயிட்டன். மனுசி மகள் பெட்டையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள்ளை இறங்கினவள். இவன் இறங்கேல்லை. எது எண்டு பாக்கிறதுக்கு வெளியிலை அண்ணாந்துகொண்டு நிண்டவனாம்." பொதியை விரலால் தட்டினான். "இதுதான் அது."

எனக்குப் பஸ்ஸுக்குள்ளேயே செத்துவிட்டால் நல்லது என்று இருந்தது. "குடு, நான் கொண்டுபோய் எங்கையாவது எறியிறன்" என்றேன்.

"விசர்க் கதை கதையாதை. அவர் எப்ப வந்து பாப்பாரோ தெரியாது. இது என்னட்டைத்தான் இருக்கவேணும்."

அடுத்த நாளே சிஞோரே கையெழுத்து வைத்தார். மூன்று பேருமாகக் குவெஸ்தூராவுக்குப் போய், வரிசையில் நின்று, விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். சில மாதத்தில் கூப்பிடுவார்கள், வேலை கொடுப்பவரையும் ஒருமுறை விசாரிப்பார்கள் என்றார்கள். என்ன கோதாரியோ, அது போதாதா என்று நான் நினைத்தேன். அவனுக்குப் போதவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் விரிப்பில் சுற்றிய விமானத்தோடு வந்து நிற்பான். சிஞோரே சொன்னபடி ஏற்றுவான், சாய்ப்பான், தாழப் பதித்துக் கொண்டுவருவான். சிஞோரே உற்சாகத்தில் கத்துவார். காரின் மூடியை அவன் திறப்பதே இல்லை. மெலிந்துகொண்டு போனான். ஒருநாள் விமானம் தாழ வரும்போது அவன் உதடு அசைவதைப் பார்த்தேன். செபம் சொல்கிறானாக்கும் என்று கிட்டப் போனேன். மகனோடு கதைத்துக்கொண்டிருந்தான். நான் காருக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

மண்டரின் பிடுங்கி முடியும் காலம். ஒரு சனி காலை, நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். மேசையில் புதிதாக ஒரு பால்சா எலும்புக்கூடு கிடந்தது. சிஞோரே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார். "அதே விமானம். இன்னொன்று. அவனும் நானும் சோடியாகப் பறக்கவிடலாம்."

பொம்மர் சோடியாகத்தான் வரும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். ஒன்று குத்திக்கொண்டு இறங்கும்போது மற்றது மேலே சுற்றும். எனக்கு மண்டைக்குள் என்னவோ அறுந்தது. கையெழுத்து வைத்தாயிற்று, இனி என்ன பயம் என்றும் ஒரு பக்கம் நினைத்தேன். தன் பெரியம்மாவைக் கொன்ற விமானத்தையே மேசைக்கு மேல் தொங்கவிட்ட மனுசன், இவருக்கு விளங்காதா என்றும் நினைத்தேன். இது எல்லாம் பிறகு தேடிக்கண்ட நியாயம். உள்ளதைச் சொன்னால், என் நெஞ்சுப் பாரத்தை இறக்க எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. துடைக்கும் தடியைச் சுவரில் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். போர், பங்கர், பெடியன், அண்ணாந்து நின்றது.

சிஞோரே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "எத்தனை வயது?" என்று கேட்டார்.

"ஏழு."

முகம் சுண்ணாம்பாகிவிட்டது. கார்த் திறப்புக் கொத்தை எடுத்தார். "என்னோடு வா."

அந்த நேரத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. வேண்டாம் சிஞோரே, ஞாயிறு கதைப்போம் என்று படியெல்லாம் கெஞ்சிக்கொண்டு இறங்கினேன். அவர் காதில் விழவில்லை. பிரான்காச்சோ வரைக்கும் நிற்காமல் ஓட்டினார்.

சிநேகிதன் சமையலறைத் தொட்டியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். கதவைத் திறந்து எங்களைக் கண்டதும் நுரைக் கையோடு சிரித்தான். அலுமாரிக்கு மேலே விரிப்பில் சுற்றியபடி விமானம் இருந்தது. சிஞோரே அதைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்தார். தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினார். குரல் உடைந்தது. உன் மகனைப் பற்றி இவன் சொன்னான், எனக்குத் தெரியாது, கடவுள் சாட்சியாகத் தெரியாது, உண்மைதானா, இனி நான் உன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று கேட்டார்.

சிநேகிதனின் சிரிப்பு மாறவில்லை. அதே சிரிப்போடு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டான். "என்னத்தைச் சொன்னனி?"

"எல்லாத்தையும். இனி உன்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது எண்டு கேக்கிறார்."

"நல்லாய்ச் செய்தாய். குவெஸ்தூராவிலை இன்னும் விசாரணை முடியேல்லை, உனக்குத் தெரியுமே? என்ரை முகத்தைப் பாக்க ஏலாது எண்டு அழுறார். பாக்க ஏலாதவர் எத்தினை நாளைக்கு என்னை வைச்சிருப்பார்? அங்கை பெட்டை கூடாரத்துக்குள்ளை கிடக்குது."

சிஞோரே எங்கள் இரண்டு வாயையும் மாறிமாறிப் பார்த்தார். சிநேகிதன் நுரையைத் துடைத்துவிட்டு அவருடைய கையைப் பிடித்தான். தெரிந்த இத்தாலியச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். "இல்லை, சிஞோரே. விமானம் இல்லை. என் மகன், ஃபெப்ரே. காய்ச்சல். மூன்று நாள் காய்ச்சல். விமானம் நல்லது. எனக்குப் பிடிக்கும்."

"காய்ச்சலா?" சிஞோரே என்னைப் பார்த்தார். "அப்படியானால் நீ ஏன்..."

"சொல்லு மச்சான்" என்றான் சிநேகிதன், அவர் கையை விடாமல், சிரித்தபடி. "பொய் எண்டு சொல்லு. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன், சொல்லு."

சொன்னேன். "பொய், சிஞோரே."

"ஏன்? இப்படி ஒரு பொய்யை எதற்காக?"

எதற்காக என்று எனக்கு என்ன தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "பொறாமை. அவனுக்கு மட்டும் செய்து கொடுத்தீர்கள். எனக்குச் செய்யவில்லை."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்து, கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்து, நீளமாக மூச்சுவிட்டார். செத்த பிள்ளையை வைத்துப் பகிடி பண்ணாதே என்று என்னை ஏசினார். ஏசிக்கொண்டிருக்கும்போதே முகம் இளகியது. எழும்பி என் தோளில் தட்டினார். "மடையா, கேட்டிருக்கலாமே? மேசையில் இருக்கிறதை உனக்கே முடித்துத் தருகிறேன். நீங்கள் இரண்டு பேரும் சோடியாகப் பறக்கவிடுங்கள்."

"கிராட்சியே, சிஞோரே" என்றேன்.

சிநேகிதன் அவருக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தான். நாளைக்குக் காற்று எந்தப் பக்கம் இருக்கும் என்று அவர் கேட்டார், இவன் கையைக் காட்டிப் பதில் சொன்னான். படிவரை போய் அவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து கதவைச் சாத்தியபோதுதான் அவனுடைய சிரிப்பு நின்றது. தொட்டிக்குப் போய்ப் பாதியில் விட்ட சேட்டை எடுத்துப் பிழிந்தான். பிழிந்து முடிந்த பிறகும் பிழிந்துகொண்டே நின்றான்.

"என்ரை பிள்ளை காய்ச்சலிலை செத்தவன் எண்டு என்னைக்கொண்டு சொல்ல வைச்சிட்டாய்" என்றான். "அவன்ரை பேரை இனி உன்ரை வாயாலை எடுக்காதை."

பெர்மெசோ வந்தது. அடுத்த வருசம் மனுசியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். கோயிலில் கண்டால் அவன், எல்லாரும் சுகமோ என்று கேட்பான், ஓம் என்பேன். அந்தப் பெடியனின் பெயர் எனக்குத் தெரியும். இத்தனை பக்கம் எழுதியும் அதை நான் எழுதவில்லை.